ஈயின் நெற்றியில் ஒரு மயிர்

"படத்தைப் பார்த்துச் சின்ன ஈக்குப் பெயர் சொல்வது ஜோசியம்" என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஈக்களையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். பேச்சுவாக்கில் சொன்னதுதான், அவருக்கு இந்நேரம் மறந்தும் போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஈக்களின் படங்களைத் திரையில் பெரிதாக்கி, இறக்கை நரம்புகளையும் நெற்றி மயிர்களையும் எண்ணி, இது எந்தக் குடும்பம், முடிந்தால் எந்தப் பேரினம் (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) என்று கண்டுபிடிப்பதுதான் என்னுடைய மாலை நேர வேலை. அதைப் போய் ஜோசியம் என்றால் கோபம் வராதா? அதைவிட எரிச்சல், அவர் சொன்னதில் பாதியாவது உண்மை என்று எனக்கே தெரிந்திருந்தது. எந்தப் பாதி என்பதுதான் பிடிபடவில்லை.

ஈக்களில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வீட்டு ஈயும் கொசுவும் நம் கண்ணில் அடிக்கடி படுவதால் ஈ என்றாலே அந்த அளவில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி, சுவரில் அமர்ந்தால் தூசி என்று நாம் கடந்துபோகிற அளவுதான். 2012இல் தாய்லாந்திலிருந்து விவரிக்கப்பட்ட யூரிபிளாட்டியா நானக்நிஹாலி என்ற ஈயின் நீளம் 0.4 மில்லிமீட்டர். அந்த அளவு உடலிலும் கூட்டுக்கண், உணர்கொம்பு, ஆறு கால்கள் எல்லாம் இருக்கின்றன. பார்ப்பதற்கு விஷயம் குறைவில்லை. நம் கருவிக்கு எட்டுவதுதான் குறைவு.

சின்னவற்றை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கிய எவரும் முதலில் செய்வது ஈயை முகத்துக்கு நேராகப் படம் எடுப்பது. நானும் விதிவிலக்கல்ல. பெரிய செந்நிறக் கண்கள், நடுவில் உணர்கொம்பு, பின்னால் பச்சை மங்கல். பார்ப்பவர்கள் வாய் பிளப்பார்கள். ஆனால் அடையாளம் காண்பதற்கு இதைவிட மோசமான கோணம் அனேகமாகக் கிடையாது. இந்த உருப்பெருக்கத்தில் கூர்மையாக விழுவது ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ஒரு தளம் மட்டுமே. கண்கள் அதில் விழுந்துவிட்டால் இறக்கை கரைந்துபோகும். நெற்றி மயிர்கள் லென்ஸை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால் அவை முன்னே சாய்கின்றனவா பின்னே சாய்கின்றனவா என்பதே தெரியாது. ஈயின் பெயரோ பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

கேட்கத் தெரிந்த கேள்விகள்

அடையாளத் திறவுகோல் என்பது ஒரு கேள்வி வரிசை. இப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு பதிலும் ஒரு வாசலை மூடி இன்னொன்றைத் திறக்கும். சின்ன ஈக்களின் திறவுகோலில் நிறம் பற்றிய கேள்வி ஆரம்பத்தில் வருவதே அபூர்வம். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். "மஞ்சள் நிற ஈ, சிவந்த கண்" என்று தொடங்கினால் திறவுகோல் திரும்பிக்கூடப் பார்க்காது. அது கேட்பது வேறு. இறக்கையின் முன்விளிம்பில் ஓடும் தடித்த நரம்பில், கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய முறிவு உண்டா? உண்டென்றால் ஒன்றா, இரண்டா? குளோரோபிடே குடும்பத்தில் ஒன்று. பழ ஈயான டிரோசோபிலா சேர்ந்த டிரோசோபிலிடேயில் இரண்டு. இந்த முறிவுகளைப் பழகாத கண் பார்க்கவே பார்க்காது. பழகிவிட்டால் வேறெதையும் முதலில் பார்க்கத் தோன்றாது.

ஒவ்வொரு குடும்பமும் தன் ரகசியத்தை ஒவ்வோரிடத்தில் வைத்திருக்கிறது. குளோரோபிடேக்கு உச்சந்தலை: கூட்டுக்கண்கள் போக அங்கே இருக்கும் மூன்று சிறு தனிக்கண்களைச் சுற்றியிருக்கும் முக்கோணத் தகடு நெற்றியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, பல இனங்களில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். மேலிருந்து எடுத்த ஒரு படம் போதும். ஸ்பீரோசெரிடேக்குப் பின்னங்கால்: பாதத்தின் முதல் கணு மட்டும் குட்டையாக, வீங்கியதுபோல் இருக்கும். பக்கவாட்டுப் படம் வேண்டும். ஃபோரிடேயின் கூன் முதுகும், நின்று நின்று விருட்டென ஓடும் நடையும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்; ஐயமிருந்தால் இறக்கையில் முன்பகுதி நரம்புகள் மட்டும் தடித்து, மற்றவை நூலாக மெலிந்திருப்பதைப் பார்க்கலாம். பூஞ்சையை அண்டி வாழும் சியாரிடேயின் இரு கண்களும் உணர்கொம்புகளுக்கு மேலே ஒரு மெல்லிய பாலத்தால் இணைந்திருக்கும். பார்வைக்கு அதன் உறவினர்போல் இருக்கும் மைசெட்டோஃபிலிடேயில் அந்தப் பாலம் கிடையாது. கொசு என்று நினைத்து நாம் அடித்துக் கொல்வதில் பல, கடிக்கவே தெரியாத கைரோனோமிடே. உட்காரும்போது அவை முன்னங்கால்களைத் தூக்கிக்கொள்ளும். கொசுவோ பின்னங்கால்களைத் தூக்கும். பாவம், விளக்கம் சொல்ல அவற்றுக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

சில கேள்விகளுக்கு ஈ ஒத்துழைக்கவே செய்யாது. மஸ்கிடே, ஆந்தோமையிடே என்ற இரு குடும்பங்களைப் பிரிப்பது இறக்கையின் பின்பகுதியில் உள்ள ஒரு நரம்பு. ஆந்தோமையிடேயில் அது விளிம்புவரை சென்று தொடும். மஸ்கிடேயில் பாதி வழியிலேயே நின்றுவிடும். எவ்வளவு எளிமையான கேள்வி! ஆனால் உட்கார்ந்திருக்கும் ஈயில் அந்தப் பகுதி மற்ற இறக்கைக்கு அடியிலோ வயிற்றின் மேலோ மடிந்து கிடக்கும். எத்தனை விலையுயர்ந்த லென்ஸானாலும் மடிப்புக்குள் பார்க்காது.

பிறகு மயிர்கள். இவற்றை மயிர் என்பதைவிட முள்மயிர் என்பது பொருத்தம். விறைப்பாக, ஒவ்வொன்றும் தனக்கான குழியிலிருந்து முளைத்திருக்கும். தலையிலும் மார்பிலும் எந்த இடத்தில் எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பது ஒரே இனத்துக்குள் பெரும்பாலும் மாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்டன்-சாக்கென் என்பவர் இவற்றுக்கெல்லாம் முறையாகப் பெயர் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ரஷ்ய அரசின் தூதரகப் பணியில் இருந்தவர். மீதி நேரமெல்லாம் ஈக்களுடன். அரசுகளுக்கிடையே எல்லை பேசிய மனிதர் ஈயின் முதுகில் எல்லை வகுத்ததை நினைத்தால் சிரிப்பு வரும், கூடவே மரியாதையும் வரும். அவர் கேட்டபடியே இன்று ஈயின் தலையிலுள்ள ஒவ்வொரு முக்கியமான முள்மயிருக்கும் பெயர் உண்டு. வயதான ஈயில் சில உதிர்ந்துபோயிருக்கும். நுண்ணோக்கியில் அந்தக் காலிக் குழியைப் பார்த்து "இங்கே ஒன்று இருந்தது" என்று சொல்லிவிடலாம். படத்தில் குழி தெரிவது அதிர்ஷ்டம்.

மஞ்சள் ஈ

என் யோசனை திரும்பியது ஒரு மஞ்சள் ஈயால். இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இராது. உடல் முழுக்க வெளிர்மஞ்சள், கண் மட்டும் செம்பழுப்பு. வழக்கப்படி முகத்துக்கு நேராகப் படங்கள் எடுத்தேன். கண்ணின் அறுகோண வில்லைகள்கூட எண்ணத்தக்க அளவில் ஒன்று அமைந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் டிரோசோபிலா என்றார்கள். செல்பேசிச் செயலியும் தயக்கமே இல்லாமல் அதையே சொன்னது. (சின்ன ஈ, மஞ்சள் உடல், சிவந்த கண் என்றால் அதற்கு எப்போதும் டிரோசோபிலாதான். தயக்கம் என்ற ஒன்றை அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை.) நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் ஏதோ நெருடியது. ஆனால் நெருடல் ஓர் ஆதாரம் ஆகாது.

நினைவகத்தில் இடம் போதாமல் தேறாத படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த வரிசையின் கடைசிப் படத்தில் கை நின்றது. ஈ பறக்கப் போகும் கணத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. கூர்மை கண்ணில் விழாமல் நெற்றியின் ஓரத்திலும் இறக்கையின் முன்விளிம்பிலும் விழுந்திருக்கிறது. கண் வெறும் கறை. யாருக்கும் காட்ட முடியாத படம். ஆனால் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் நெற்றியின் முள்மயிர்கள் ஒவ்வொன்றும் கோட்டோவியமாக எழுந்து நின்றன. டிரோசோபிலாவில் கண்ணோரமாகப் பக்கத்துக்கு மூன்று முள்மயிர்கள் இருக்கும். அவற்றில் ஒன்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், மற்றவை பின்னோக்கி. இந்த ஈக்குப் பக்கத்துக்கு இரண்டே இரண்டு. இரண்டும் பின்னோக்கி. முன்னே சாயும் மயிர் என்று ஒன்று இல்லவே இல்லை. முன்விளிம்பு நரம்பை அடியிலிருந்து நுனிவரை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். முறிவே இல்லாமல் ஓடியது. வாயோரத்தில் டிரோசோபிலாவுக்கு இருக்க வேண்டிய மீசை முள்ளும் காணவில்லை. உச்சந்தலையின் பின்புறத்திலோ இரண்டு முள்மயிர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நின்றன. இது லாக்ஸானிடே. மக்கும் இலைகளில் புழுவாக வளரும் குடும்பம். பழங்களை மொய்க்கும் டிரோசோபிலாவுக்கும் இதற்கும் இடையே பரிணாமத்தில் நெடுந்தூரம்.

நண்பருக்கு அந்தப் படத்தை மட்டும் அனுப்பினேன். அழகான முகப் படத்தை அனுப்பவில்லை. பதில் ஒரு வரியில் வந்தது: "குடும்பம் சரி. பேரினம்?"

ஹோமோநியூரா என்ற பேரினமாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. லாக்ஸானிடேயில் மிகப் பெரிய பேரினங்களில் அது ஒன்று, மஞ்சள் நிறமும் அதில் சகஜம். ஆனால் திறவுகோல் கேட்பது, முன்விளிம்பு நரம்பின் மேல் வரிசையாக இருக்கும் குட்டையான கரிய முட்கள் இறக்கை நுனிப் பக்கம் எதுவரை நீள்கின்றன என்று. ஹோமோநியூராவில் அவை நுனியருகே முடியும் ஒரு குறிப்பிட்ட நரம்பின் முனைவரை தொடரும். மற்றவற்றில் அதற்கு முன்பே நின்றுவிடும். படத்தைப் பெரிதாக்கினேன். மேலும் பெரிதாக்கினேன். முட்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். அவ்வளவுதான், படம் அங்கே முடிந்துவிட்டது.

ஒரே படம் ஒரு கேள்விக்கு அசைக்க முடியாத பதிலைத் தந்துவிட்டு, அடுத்த கேள்விக்கு ஊமையாகிவிட்டது. அதுவரை நான் நல்ல படம், மோசமான படம் என்றே பிரித்து வந்தேன். நண்பரும் ஏறக்குறைய அப்படித்தான், என்ன, அவருக்கு எல்லாமே மோசம். எந்தக் கேள்விக்கு நல்ல படம் என்று கேட்டிருந்தால் எங்களுக்குள் சச்சரவே வந்திருக்காது. கண் கூர்மையாக விழுந்த படம் கண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் சாட்சி. அதை வைத்துக்கொண்டு இறக்கையைப் பற்றிப் பேசினால்தான் அது ஜோசியம்.

அதற்குப் பிறகு என் படமெடுக்கும் பழக்கம் மாறிவிட்டது. முதலில் பக்கவாட்டில், பிறகு மேலிருந்து, கடைசியாக ஈ இன்னும் உட்கார்ந்திருந்தால் முகம். வெவ்வேறு தளங்களில் கூர்மை விழுந்த பல படங்களை மென்பொருளால் அடுக்கி ஒன்றாக்கும் முறையிலும் முன்புபோல நம்பிக்கை வைப்பதில்லை. இரண்டு மயிர்கள் ஒன்றன் குறுக்கே ஒன்று வரும் இடத்தில் மென்பொருள் குழம்பிப்போய், இல்லாத மூன்றாவது மயிரின் ஆவியை வரைந்துவிடும். இருக்கிற ஒன்றை விழுங்கியும்விடும். மயிரை எண்ணித் தீர்ப்பு சொல்கிற வேலையில் அது சின்னப் பிழை இல்லை. அடுக்கிய படத்தில் எதையாவது எண்ணினால், அடுக்குவதற்கு முந்தைய தனிப் படங்களில் போய் மறுபடி எண்ணுகிறேன்.

படம் தோற்கும் இடங்கள்

நண்பரின் பக்கத்தில் மிக வலுவான சாட்சி டிரோசோபிலாவே. அமெரிக்க மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடம் மரபியலுக்காக டிரோசோபிலா மெலனோகாஸ்டரை வளர்க்கத் தொடங்கிய பிறகு, உலகில் வேறெந்த ஈயையும் மனிதர்கள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே இன்னோர் இனம் அதே உருவில் உலவிக்கொண்டிருந்தது. மெலனோகாஸ்டர் என்று நினைத்தவற்றை இணைசேர்த்தபோது பிறந்தவை மலடாகவும், ஒரே பாலினமாகவும் வந்தன. அதிலிருந்துதான் அந்தக் குழுவின் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் விஷயத்தைப் பிடித்தார். 1919இல் டிரோசோபிலா சிமுலன்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார். ஆண்களைப் பிரிப்பது இனப்பெருக்க உறுப்பிலுள்ள ஒரு மடல்: மெலனோகாஸ்டரில் சிறிய கொக்கி, சிமுலன்ஸில் அகன்ற சிப்பி வடிவம். வயிற்றின் நுனிக்கு அடியில் ஒளிந்திருப்பது அது. பெண்களைப் பார்வையால் பிரிப்பது கையில் ஈ இருக்கும்போதே மிகக் கடினம். படத்தில் இருப்பது பெண் என்றால் பேனாவை மூடிவிடுவதுதான் மரியாதை.

பல பேரினங்களில் நிலைமை இதுதான். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, கிளிசரின் துளியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் இனம் தெரியும். ஃபோரிடேயின் மெகாசீலியா பேரினத்தில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டிய இனங்கள். 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வீட்டுத் தோட்டங்களில் வைத்த பொறிகளிலிருந்து அதே பேரினத்தில் 30 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். பெருநகரத்தின் கொல்லைப்புறத்திலேயே இப்படியென்றால், ஒரு மெகாசீலியாவின் படத்துக்கு அடியில் முழுப் பெயரைக் காணும்போது எனக்குப் பதற்றமாக இருப்பதில் தவறில்லை.

எளிதாகத் தோன்றும் இடத்திலும் வழுக்கும். டிரோசோபிலா சுசூகி என்ற இனத்தின் ஆணுக்கு இறக்கை நுனியில் கரும்புள்ளி உண்டு. படத்திலேயே பளிச்சென்று தெரியும். ஆனால் அப்போதுதான் கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவந்த ஆணுக்கு அந்தப் புள்ளி இன்னும் விழுந்திருக்காது. பியார்மிபெஸ் என்ற இன்னோர் இனத்தின் ஆணுக்கும் புள்ளி இருக்கிறது. சுசூகியின் பெண்ணுக்குப் புள்ளியே கிடையாது; ரம்பம்போல் பற்கள் கொண்ட முட்டையிடும் உறுப்புதான் அவளுடைய அடையாளம். அதை அவள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு திரிவதில்லை.

ஊசிக்குத் தெரியாதவை

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்காக ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த ஈக்கும் ஞாபக மறதி உண்டு. நீள்கால் ஈக்களான டோலிகோபோடிடேயின் கண்களில் உயிரோடிருக்கும்போது பச்சையும் செம்புமாக வண்ணங்கள் மாறி மாறி மின்னும். காய்ந்ததும் எல்லாம் பழுப்பு. செப்சிடே குடும்பத்து ஈக்கள் நுனியில் புள்ளியிட்ட இறக்கைகளை மாறி மாறி அசைத்துக்கொண்டே நடப்பதைப் பார்த்தால் குடும்பத்தைச் சொல்ல மயிர் எண்ணத் தேவையில்லை. அந்த அசைவு எந்தப் பெட்டியிலும் இல்லை. சில நேரம் படத்தில் ஈயின் முகத்திலிருந்து பலூன்போல் ஒரு பை புடைத்திருக்கும். நோய் என்றோ விகாரம் என்றோ பயப்படுவார்கள். புதிதாகப் பிறக்கும் ஈ உறையை முட்டி உடைக்க ஊதிக்கொள்ளும் பை அது. வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உணர்கொம்புகளுக்கு மேல் வளைந்த தையல்கோடு ஒன்று மட்டும் மிஞ்சும். இந்தக் கணத்தைப் படம்தான் பிடித்து வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இறக்கை. கண்ணாடிபோல் வெறுமையானவை என்று எல்லோரும் நினைத்திருந்த சின்ன ஈக்கள், சின்னக் குளவிகளின் இறக்கைகளில், கருப்புப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் செந்நீலமும் பச்சையும் மஞ்சளுமாக நிலையான வண்ணக் கோலங்கள் இருப்பதை 2011இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். இறக்கைச் சவ்வின் தடிமன் இடத்துக்கிடம் மாறுவதால், மேல்பரப்பிலும் கீழ்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து உண்டாகும் நிறம் அது. இனத்துக்கு இனம் கோலம் வேறு. வெள்ளைப் பின்னணியில் வைத்தால் அத்தனையும் காணாமல் போய்விடும். காலங்காலமாக நுண்ணோக்கியின் கீழே வெள்ளைத் தட்டில் வைத்தே பார்த்தவர்கள் அதைத் தவறவிட்டதில் ஆச்சரியமில்லை. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "நல்ல விஷயம். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்கள் கையிலும் ஈ இருந்தது" என்றார். அவரிடம் கடைசி வார்த்தை வாங்குவது நடக்கிற காரியமில்லை.

பெயர் தெரிந்த ஈயைப் படத்தில் அடையாளம் காண்பது ஒன்று. பெயரே இல்லாத ஈக்குப் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது இன்னொன்று. 2015இல் ஈ ஆய்வாளர்கள் ஸ்டீபன் மார்ஷல், நீல் எவன்ஹூயிஸ் இருவரும் அதைச் செய்துவிட்டார்கள். மார்லியிமையா சைலோகோபே என்ற தென்னாப்பிரிக்க ஈ. தச்சுத் தேனீயைப்போல் வேடமிட்ட, புசுபுசுவென்ற உடல் கொண்டது. காப்பகத்தில் சேர்த்து வைத்த உடல் எதுவும் இல்லாமல் புகைப்படங்களைக் கொண்டே புதிய இனமாக விவரித்தார்கள். வகைப்பாட்டியல் உலகம் கொதித்தது. மாதிரியே இல்லாமல் விவரித்தால் பின்னால் ஐயம் வரும்போது எதை எடுத்துப் பார்ப்பது, மரபணுவை எங்கே தேடுவது என்று கேட்டு, மறு ஆண்டு நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கையெழுத்திட்டுக் கண்டனக் கட்டுரை வெளியிட்டார்கள். நண்பர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த இருவர்மீது கோபம் வரவில்லை. அந்த ஈ பெரியது, அதன் வேடம் தனித்தது, அதன் உறவினங்களிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் வெளிப்படையாகப் படத்தில் இருக்கின்றன, பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்தை நன்கு அறிந்தவர்கள். கேட்ட கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லியது. அதே துணிச்சலை இரண்டு மில்லிமீட்டர் மெகாசீலியாவிடம் யாராவது காட்டினால், கண்டனக் கட்டுரையில் நண்பரின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதும் இருக்கும்.